நீந்தத் தெரிந்த பிள்ளையும் வேலியில்லாத குழியும்

கோடை விடுமுறை பிறந்து பிள்ளைகள் ஆற்றிலும் ஏரியிலும் இறங்கத் தொடங்கியதும், குளிக்கச் சென்ற மாணவர்கள் மூழ்கி மாண்ட செய்தியைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் அச்சிடுவதும், அதைப் படித்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு மறுநாளே தம் பிள்ளைகளை அதே துறைக்கு அனுப்பிவைப்பதும் நம் நாட்டில் வழக்கமாகிவிட்டன. 2022 ஜூன் 5 அன்று, கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையருகே குளிக்கச் சென்ற பெண்கள் ஏழு பேர் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரியில், கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிச் சிறுமியர் நால்வரை மாயனூரில் காவிரி கொண்டுபோயிற்று. இவ்வளவுக்குப் பின்னும் நாம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

"எங்கள் பையனுக்கு நன்றாக நீந்தத் தெரியும்" என்பதே பெற்றோர் அநேகமாய்ச் சொல்லும் சமாதானம். கிணற்றில் கற்ற நீச்சல் கிணற்றுக்குப் போதும். அங்கே நீர் அசையாது, பிடித்துக்கொள்ளப் படிக்கட்டும் உண்டு. ஆறோ அப்படியன்று. அளவுக்கு மீறி மணல் அள்ளிய படுகையில், முழங்கால் ஆழத்தில் நடந்து போகிற பிள்ளை அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழக் குழியில் இறங்கிவிடுகிறான். மேலே நீர்மட்டம் ஒன்றுபோலவே இருப்பதால் கரையிலிருந்து பார்ப்பவருக்குக்கூட அது தெரிவதில்லை. தடுப்பணையில் வழிந்து விழும் நீர், விழுமிடத்தை ஓயாது அரித்துக் கசமாக்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே. கைவிட்ட கல்குவாரியில் கரை என்பதே கிடையாது. செங்குத்தான பாறையில் களைத்த கை பற்றுவதற்கு எதுவுமில்லை. போதாக்குறைக்கு, அணையில் நீர் திறந்த செய்தியை ஊரில் அறிவித்தாலும், மாலையில் பந்து விளையாடிவிட்டு நேரே ஆற்றுக்கு ஓடும் பதினைந்து வயதுப் பையன் காதில் அது விழுந்திருக்கப் போவதில்லை.

ஆகவே துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்கிறோம். ஆனால் கரையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவும், பதினேழு வயது நிரம்பிய அண்ணனும் துணையாக மாட்டார்கள். மாயனூருக்கு அச்சிறுமியர் ஆசிரியர்களோடுதான் வந்திருந்தனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துணைக்கு வருபவர் அந்தத் துறையை அறிந்தவராய், நீந்தத் தெரிந்தவராய், பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே நீரோரத்தில் நிற்பவராய் இருத்தல் அவசியம். மூழ்குகிறவன் பெரும்பாலும் கூவுவதில்லை, சப்தமின்றியே அடங்கிவிடுகிறான். நீண்ட கயிறும் மூடி இறுகிய வெறும் பிளாஸ்டிக் கேனும் கரையில் இருந்தால், குதிக்காமலே ஒருவனைக் காப்பாற்றலாம். ஒருவனைப் பிடிக்க மற்றொருவன் குதித்து, இருவரையும் பிடிக்க மூன்றாமவன் குதித்தே ஒரே வீட்டில் பல பிரேதங்கள் கிடத்தப்படுகின்றன. குதிக்க விடாதீர்கள், கயிற்றை எறியுங்கள்.

கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாய்த் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் வீண்; விலைமதிப்பற்ற நிமிஷங்கள் அதிலேயே போய்விடுகின்றன. மூச்சில்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, மோவாயை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, பிறகு நெஞ்சின் நடுவே வேகமாக முப்பது முறை அழுத்தி, இரு முறை மூச்சு ஊதி, உதவி வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதற்குள் ஒருவர் 108-க்கும், தீயணைப்பு மீட்புப் படையின் 101-க்கும் சொல்லிவிட வேண்டும்.

உயிர் போய்விட்டதென்றால், துக்கத்தின் நடுவே இதைச் சொல்வது கடுமையாகத் தோன்றினாலும், சொல்லாமலிருக்க இயலவில்லை: போலீஸுக்குத் தெரிவிக்காமல் அடக்கம் செய்துவிடாதீர்கள். 'பிள்ளையை அறுக்க வேண்டாம்' என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு அன்று மாலையே எரித்துவிட்டு, பின்னர் நிவாரணம் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் வெறுங்கையோடு நிற்பவர்களைக் காண்பது புதிதன்று. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவுப்படி போலீஸார் விசாரித்தாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகிய நான்குமின்றி எந்த மனுவும் நகராது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பி, அவன் வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருந்தால், இரண்டு லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கும் அதே போலீஸ் அறிக்கையைத்தான் கேட்பார்கள். மறுபடியும் சொல்கிறேன்: போலீஸுக்குச் சொல்லாமல் அடக்கம் வேண்டாம்.

இவையெல்லாம் நேர்ந்த பிறகு செய்வன. நேராமலிருக்க ஊரார் செய்யக்கூடியது ஒன்றுண்டு; அதை அறிந்தவர் மிகச் சிலர். பொதுவழி அல்லது பொது இடத்தை ஒட்டியுள்ள குளம், கிணறு, தோண்டிய குழி எதுவானாலும், அதற்கு வேலியிடுமாறு உரியவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மேலே சொன்ன நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு உட்கோட்ட நடுவருக்கு அளித்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று வக்கீல்கள் சொல்லிவந்த பிரிவுதான் இது. நம் மாநிலத்தில் அந்த நடுவர் வேறு யாருமல்லர், வருவாய்க் கோட்டாட்சியர், அல்லது சார் ஆட்சியர். அபாயம் உடனடியானதென்றால், விசாரணை முடியும்வரை காத்திராமல் 161-ஆம் பிரிவின்படி இடைக்காலத் தடையுத்தரவும் அவர் பிறப்பிக்கலாம்.

மனுவில் 'எங்கள் ஊரில் குழி இருக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தால் அது கட்டோடு கட்டாய்க் கிடக்கும். கிராமம், தாலுகா, சர்வே எண் ஆகியவற்றை, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்து, பட்டாதாரர் பெயரோடு குறிப்பிடுங்கள், குழிக்கும் பாதைக்கும், குழிக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள், ஏனெனில் பொதுவழியை ஒட்டியிருப்பதே இப்பிரிவின் ஆதாரம், படங்களை இணையுங்கள், '152-ஆம் பிரிவின்கீழ்' என்ற சொற்களை மேலேயே இடுங்கள். கல்குவாரியானால் ஆட்சியர் அலுவலகத்துக் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் ஒரு நகல். ஏரியானால் ஆயக்கட்டைப் பாருங்கள்: 40 ஹெக்டேருக்குக் குறைந்தவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மற்றவை நீர்வளத் துறையின் பொறுப்பு, இதைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் 'எங்களுடையதல்ல' என்று ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், அடுத்த கோடையும் வந்துவிடும். உத்தியோகஸ்தர்களுக்கு வேலை அதிகமென்பது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளை செத்த மறுநாள் காலையே அந்தக் குழிக்கு முள்வேலி போட அவர்களுக்கு நேரம் கிடைத்துவிடுவதைப் பார்க்கையில் அந்தச் சமாதானத்தை ஏற்க மனம் வரவில்லை.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து, எண்ணிட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இன்ன எண்ணுள்ள மனுமீது இன்றுவரை எந்த அதிகாரி என்ன குறிப்பு எழுதினார், அதன் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள்; 30 நாட்களுக்குள் அவர்கள் பதிலளித்தாக வேண்டும். தவறினால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன்பின் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். ரசீது எண் இல்லாமல் இவற்றில் ஒன்றும் நடவாது.