பதினேழாவது பெயர்

ஆறாம் ஆண்டு மாணவர்களை வழியனுப்பும் விழா. அறிவிப்பாளராக நிற்கும் ஆசிரியையின் கையில் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. பதினேழாவது பெயருக்குரிய பையன் ஐந்து மாதங்களுக்கு முன் இறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை வாசிப்பதா, பதினாறிலிருந்து நேரே பதினெட்டுக்குப் போவதா? வாசித்தால் தாய் உடைந்துபோவாரே, பிள்ளைகள் அழுதால் விழா கெட்டுவிடுமே என்று தயங்குவது இயல்பு. நல்லெண்ணத்தோடுதான் பலர் அந்தப் பெயரைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒரு பள்ளி தன் பிள்ளையை இழப்பது அரிது. ஆனால் அது நடக்கவே நடக்காது என்று எந்த வட்டாரமும் சொல்ல முடியாது. கோலகுபு பாருவை ஒட்டிய அம்பாங் பெச்சாவின் பெயரே ஓர் இழப்பின் நினைவுதான். அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபு நகரை வெள்ளம் அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் இறந்தவர்களில் ஒருவர். அதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலி முகாம் திடலில், 2022 டிசம்பர் 16 அதிகாலை மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அவர்களில் பலர் கோலாலம்பூரின் மூன் சூங் சீனத் தொடக்கப்பள்ளியைச் சேர்ந்த ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களின் குடும்பத்தினர். விடுமுறை முடிந்தபின் அந்த வகுப்பறைகளுக்குத் திரும்பிய பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பேராக்கில் 2009 அக்டோபர் 26 இரவு, கோல டிப்பாங் தொங்குபாலம் இடிந்து மூன்று தமிழ்ச் சிறுமிகள் ஆற்றோடு போனதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

பெயரைச் சொன்னால் புண் கிளறப்படும் என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் அறிவியலின் ஆதரவும் இருந்தது. 1917-இல் சிக்மண்ட் பிராய்ட் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இறந்தவர் மீதிருக்கும் பற்றை மனம் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்றது. ‘மறந்துவிட்டு முன்னே போ’ என்ற ஆலோசனைக்கு இது பெரிய பலமாயிற்று. ஆனால் 1920-இல் பிராய்டின் மகள் சோஃபி காய்ச்சலில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகள் உயிரோடு இருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், தன் மகனை இழந்த நண்பருக்கு பிராய்ட் ஒரு கடிதம் எழுதினார். அந்த இடத்தை வேறெதுவும் நிரப்பாது, நிரப்பாமல் இருப்பதே சரி என்பது அதன் சாரம். கோட்பாட்டில் சொன்னதைத் தகப்பனாக அவரால் பின்பற்ற முடியவில்லை!

1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் தொகுத்த நூல் இந்தப் பார்வையைத் திருப்பிப்போட்டது. கிளாஸ் பல ஆண்டுகள் பிள்ளையை இழந்த பெற்றோரின் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டவர். சில்வர்மன் பங்கேற்ற ஹார்வர்ட் ஆய்வு, தாயையோ தந்தையையோ இழந்த 125 பிள்ளைகளை ஈராண்டுகள் பின்தொடர்ந்தது. நன்றாகத் தேறியவர்கள் உறவை அறுத்துக்கொண்டவர்கள் அல்லர். உறவின் வடிவத்தை மாற்றிக்கொண்டவர்கள். பிள்ளைகள் இறந்தவரோடு மனத்துக்குள் பேசினார்கள், அவருடைய பொருளொன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். இதற்கு ஆய்வாளர்கள் ‘தொடரும் பிணைப்பு’ என்று பெயரிட்டார்கள். நமக்கு இது அவ்வளவு புதிதல்ல. இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தை இலையில் வைத்துப் படைக்கும் வழக்கம் வேறென்ன? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர் படங்களை வைத்து, பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைக்கிறார்கள்.

ஆகவே பெயரைக் கேட்டு அழும் தாய்க்கு அந்தப் பெயரால் புது வலி வந்துவிடவில்லை. அவர் அன்று காலையும் அதே நினைவோடுதான் எழுந்திருப்பார். இந்த வலியைச் சாதாரணமாக எண்ணவும் கூடாது. பிள்ளையை இழந்த 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரை டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளில் தேடிப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. தாய்மாரின் இறப்பு விகிதம் மற்றத் தாய்மாரைவிட அதிகமாக இருந்தது. விபத்து, தற்கொலை போன்றவற்றால் வரும் இறப்பு முதல் மூன்று ஆண்டுகளில் மிகக் கூடுதல். அந்தக் காலத்தில் ஊர் அவர்களை விட்டு ஒதுங்கி நிற்பது நல்லதல்ல.

இனி நண்பர்களுக்கு வருவோம். நாம் அதிகம் கவனிக்காத துக்கம் அவர்களுடையதுதான். சாவு வீட்டில் உறவினருக்கு இடம் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரனுக்கு என்ன இடம்? ‘அங்கீகாரம் கிடைக்காத துக்கம்’ என்று கென்னத் டோகா 1989-இல் பெயர் வைத்தது இத்தகைய நிலைக்குத்தான். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிறோம். 1948-இல் வெளியான மரியா நாகியின் புடாபெஸ்ட் ஆய்வு 378 சிறுவர்களை விசாரித்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சாவைத் தூக்கமாகவோ பயணமாகவோ எண்ணினார்கள். ஒன்பது வயதுக்கு மேல் அது முடிவு என்று அறிந்திருந்தார்கள். இறந்தவர் திரும்பமாட்டார், உடல் இயங்காது, எல்லாருக்கும் இது நேரும் என்ற மூன்றையும் பெரும்பாலோர் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளேயே புரிந்துகொள்கிறார்கள் என்பது பிந்திய ஆய்வுகளின் கணக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு எல்லாமே தெரியும். நேற்று அழுதவன் இன்று திடலில் பந்து விளையாடினால் மறந்துவிட்டான் என்று பொருளல்ல. மழைநீர் தேங்கிய குழியில் குதித்து உடனே வெளியேறுவதுபோல், சிறுவர் துக்கத்துக்குள் போய்ப் போய் வருவார்கள்.

அவர்களைத் தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸின் அபர்ஃபான் கிராமம் சாட்சி. 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவுமேடு பள்ளியின் மேல் சரிந்து 116 குழந்தைகள் இறந்தனர். தப்பிய பிள்ளைகள் தெருவில் விளையாடத் தயங்கினார்கள். தங்களைப் பார்த்தால் பிள்ளையை இழந்தவர்களுக்கு வலிக்குமே என்ற கூச்சம். 33 ஆண்டுகள் கழித்து அப்படித் தப்பிய 41 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 19 பேருக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் இருந்தது தெரிந்தது.

நண்பன் பக்கத்தில் இருப்பது உடலளவிலும் வேலை செய்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புச் சிறுவர் 103 பேர், நான்கு நாட்கள் தங்களுக்கு நேர்ந்த கசப்புகளைக் குறித்துவைத்தார்கள். உமிழ்நீரில் மன அழுத்தச் சுரப்பான கார்டிசோலும் அளக்கப்பட்டது. 2011-இல் வெளியான முடிவு இது: கசப்பு நேர்ந்த நேரத்தில் உற்ற நண்பன் உடனில்லாதவர்களுக்குக் கார்டிசோல் ஏறியது, தன்மதிப்பு இறங்கியது. நண்பன் உடனிருந்தவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தென்படவில்லை. அது அன்றாடக் கசப்புகளை அளந்த ஆய்வுதான், சாவை அல்ல. ஆனாலும் இறந்தவனின் நண்பர்களைக் கூட்டமாக மேடையேறச் சொல்வது ஏன் நல்லது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

எனவே என் கருத்து, பெயரை வாசிக்கலாம் என்பதே. ஆனால் பெற்றோரைக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது. சிலர் வருவார்கள், சிலரால் முடியாது, இரண்டும் சரி. எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள், திடீரென்று திரையில் படம் காட்டாதீர்கள். நண்பர்களுக்குச் சிறு வேலை கொடுங்கள்: சான்றிதழை ஏந்துவது, அவன் வரைந்த ஓவியத்தை மாட்டுவது. விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ‘தூங்குகிறான்’ என்று சொல்லாமல் ‘இறந்துவிட்டான்’ என்றே சொல்லுங்கள். தூக்கம் என்று கேட்ட குட்டித் தங்கை இரவில் படுக்கப் பயப்படுவாள். நோயில் போன பிள்ளைக்கு ஒரு மாதிரி, விபத்தில் போனவனுக்கு வேறு மாதிரி என்றும் வேண்டாம். தற்கொலையாக இருந்தால் மட்டும் மிகுந்த கவனம் தேவை: இறந்த விதத்தைப் பற்றிப் பேசாமல், வீரச்செயல்போல் காட்டாமல், ஆலோசக ஆசிரியரின் வழிகாட்டுதலோடு செய்ய வேண்டும். மற்றப் பிள்ளைகள் அதைப் பின்பற்றும் ஆபத்து மெய்யானது.

விழா ஒரு நாள் காரியம். ஆறு மாதம் தாண்டியும் ஒரு பிள்ளை நாள்தோறும் ஏங்கி, படிப்பும் விளையாட்டும் முடங்கிக் கிடந்தால் அது ‘நீடித்த துயரக் கோளாறாக’ இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2022-இல் இதைச் சேர்த்திருக்கிறது. அங்கே சிறுவருக்கு ஆறு மாதம், பெரியவருக்கு ஓராண்டு என்பது கணக்கு. அப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர் விழாவுக்கு வரவில்லையானால், நண்பர்கள் இரண்டு மூன்று பேர் வகுப்பாசிரியரோடு சான்றிதழை வீட்டுக்கே கொண்டுபோகலாம். எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறீர்கள் என்று அந்தத் தாய் கேட்டால், பிள்ளைகள் கூசாமல் பள்ளியின் பெயரைச் சொல்லட்டும்.