சிலம்பின் உள்ளே பாராத அரசன்

தேனி மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறை மலையுச்சியில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கோயிலுக்குச் செல்ல, ஆண்டில் சித்ரா பௌர்ணமியன்று மாத்திரமே பக்தர்களுக்கு அனுமதி உண்டு. அன்று பளியன்குடியிலிருந்து கால்நடையாக ஏறுவோரும், குமுளி வழியே ஜீப்பில் போவோருமாக ஜனங்கள் திரளுகின்றனர். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து, 14 நாள் சென்றபின் வேங்கை மர நிழலினின்று விண்ணேறியதாக இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் பாடிய இடம் இதுவே என்று, காப்பியம் காட்டிய மார்க்கத்தில் தாமே நடந்து தேடி, 1963-இல் நிறுவியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார்.

அக்காப்பியத்தின் பாண்டியனைப் போல, கண்ணிருந்தும் உண்மையைக் காணாத அரசர்களையும் பிரபுக்களையும் மேனாட்டுச் சோக நாடகங்களும் அறியும். சோபோக்ளிஸின் ஈடிப்பஸ் உண்மை புலப்பட்ட க்ஷணத்தில் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். ஷேக்ஸ்பியரின் குளோஸ்டர் பிரபு பார்வையை இழந்த பிறகே தன் புதல்வருள் நல்லவன் யார் எனத் தெளிகிறான். சிலப்பதிகாரத்திலோ கண்ணை இழப்பவர் ஒருவருமில்லை. கண்ணகியின் சிலம்பு ஒன்றையே எல்லாரும் பார்க்கிறார்கள்.

அவள் கணவன் கோவலன் அதை விற்க மதுரைக்கு வந்து, பொற்கொல்லன் ஒருவனிடம் நம்பிக் காட்டினான். கோப்பெருந்தேவியின் சிலம்பை முன்னமே திருடியிருந்த அவ்வஞ்சகன், வந்தவனைத் தன் குடிசையருகே இருத்திவிட்டு அரண்மனைக்கு விரைந்தான். அரசியோ ஊடல் கொண்டு, தலைநோவென்று சொல்லிப் போயிருந்தாள். அவளைத் தணிக்கும் ஆவலோடு அந்தப்புரம் நாடிய பாண்டியன் நெடுஞ்செழியன், வழியில் பணிந்து நின்றவன் சொன்னதைக் கேட்டு, விசாரணை ஏதுமின்றி, சிலம்பு கையிலிருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலரை ஏவினான். பொற்கொல்லன் பொய்யன் என்பதற்கு அப்போது அரசனிடம் சான்றில்லை என்பது மெய்தான். ஆனால் மெய்யன் என்பதற்கும் சான்றில்லை.

காப்பியத்தில் என்னை மிகவும் வருத்துவது அடுத்த கட்டம். கோவலனை நேரில் கண்ட காவலர், இவனிடம் கள்வனின் லக்ஷணம் இல்லை என்று சரியாகவே சொல்லிவிட்டனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டினை விரித்து வாதித்தான். பிரசங்கம் போதுமானதாயிற்று. கல்வியற்ற குடியன் ஒருவன் வாளை வீசினான்.

பின்னர், கொலையுண்ட கணவனுக்கு நீதி கேட்டு வந்த கண்ணகி அவையில் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்று பாண்டியன் உடனே விடை சொன்னான், யாரையும் கேட்கவில்லை. அப்படியானால், ஆணையிட்ட வேளையிலும் வேண்டிய அறிவு அவனிடமே இருந்தது. ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. கண்ணகி உடைத்தாள், மாணிக்கம் அவன் வாயருகே தெறித்தது. கள்வன் தானே என ஒப்பி, அரசன் அங்கேயே வீழ்ந்து மாண்டான்.

அரசனின் மரணத்தைப் போற்றுவோர் இதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையோ, அடுத்து ஆண்ட, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் 1,000 பேரைப் பலியிட்டதாகவும், மழை பெய்ததாகவும் சொல்கிறது. அந்த ஆயிரவரில் எவரிடமேனும் ஒரு கேள்வி கேட்கப்பட்டதாக அது சொல்லவில்லை.