தடுமாறுவது யார் குற்றம்?



இன்றைய உரையில் ஒரு புதிய கல்வித் துறையைப் பற்றியும், அத்துறைக்கே தம் வாழ்நாளை அளித்த ஒரு பேராசிரியரைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்வோம். மனிதருக்கும் கணினிக்கும் இடையே நடைபெறும் கொடுக்கல் வாங்கலை ஆராயும் அத்துறைக்கு மனிதர்–கணினி இடைவினை என்று பெயர். ஒரு கருவியைக் கையாள்பவர் என்ன எதிர்பார்க்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதை அறிந்து, அதற்கேற்ப அக்கருவியைத் திட்டமிடுவதை அனுபவ வடிவமைப்பு என்கின்றனர்.

இதற்கென்று ஒரு கல்வித் துறை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். திரையில் தோன்றும் கேள்வி அவர்களுக்கு விளங்குவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்றும் தெரிவதில்லை. பின்னால் நிற்போர் முணுமுணுத்ததும், "நமக்குப் படிப்பு இல்லை, இதெல்லாம் எங்கே வரப் போகிறது" என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். குற்றம் உண்மையில் அவர்களுடையதுதானா? இந்தக் கேள்விக்கு அறிவியல் முறையில் விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நார்மன்.

நார்மன் 1935ஆம் ஆண்டு பிறந்தவர். 1957இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1959இல் அதே துறையில் முதுநிலைப் பட்டமும், 1962இல் உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். மின்கம்பிகளைப் பற்றிப் படித்தவர் மனித மனத்தைப் பற்றிப் படிக்கத் திரும்பியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இயந்திரம் ஒரு பக்கம், மனிதர் மறுபக்கம் என நிற்கும்போது, இரண்டையும் அறிந்தவரால்தானே இடையில் பாலம் கட்ட முடியும்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1966இல் அவர் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். மனிதர் எவ்வாறு கவனிக்கின்றனர், எவ்வாறு நினைவில் வைக்கின்றனர், எவ்வாறு தவறு செய்கின்றனர் என்பவையே அங்கு அவர் ஆராய்ந்த பொருள்கள். அப்படியிருக்கையில் ஒரு பெரும் விபத்து அவருடைய ஆராய்ச்சியைப் புதிய திசையில் திருப்பியது.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலை, பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் கோளாறு ஏற்பட்டது. அழுத்தத்தைத் தணிப்பதற்காகத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. அதன் வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டது என்று எண்ணும்படி காட்டியது. ஏனெனில், வால்வுக்கு 'மூடு' என்ற கட்டளை போய்விட்டதா என்பதை மட்டுமே அவ்விளக்கு தெரிவித்தது. வால்வு மெய்யாகவே மூடியதா என்பதை அது தெரிவிக்கவில்லை. அதே வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக ஒலித்தன, ஒளிர்ந்தன. நீர் அளவுக்கு மேல் இருப்பதாக எண்ணிய ஊழியர்கள், அவசரத்துக்கென வந்த குளிர்நீரையும் குறைத்துவிட்டனர். உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று.

ஊழியர்கள் ஏன் இவ்வளவு பெரிய தவறு செய்தனர் என்று கண்டறிய அழைக்கப்பட்டவர்களுள் நார்மனும் ஒருவர். ஆராய்ந்து பார்த்தபோது, ஊழியர்கள் அறிவும் பயிற்சியும் உடையவர்களே என்பது தெரிந்தது. அவர்களைத் தவறு செய்யத் தூண்டும் வகையில் அந்த அறை அமைக்கப்பட்டிருந்ததே குற்றம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

தவறுகளை அவர் இரு வகையாகப் பிரித்தார். எண்ணம் சரியாக இருந்து செயல் பிசகினால் அது கைத்தவறு. எண்ணமே பிசகினால் அது கருத்துத் தவறு. தேநீரில் சர்க்கரை போட நினைத்து உப்பைப் போட்டுவிடுவது கைத்தவறு. இரண்டு டப்பாக்களும் ஒரே வடிவில் அருகருகே இருந்தால் எவருக்கும் இது நேரும். "கவனமாக இரு" என்று நூறு முறை அதட்டுவதைக் காட்டிலும், ஒரு டப்பாவை மாற்றி வைப்பதே நல்ல மருந்து.

இந்த மருந்து முன்னரே பயன் தந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பி–17 என்ற அமெரிக்க விமானத்தை ஓட்டியவர்கள், தரையிறங்கிய பின் இறக்கை மடிப்பை உள்ளே இழுக்க எண்ணி, சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டனர். இரண்டுக்குமான கைப்பிடிகள் ஒரே மாதிரி அருகருகே இருந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் இதைக் கண்டறிந்தார். சக்கரத்துக்கான பிடியில் சக்கர வடிவத்தையும், மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்துமாறு கூறினார். கைப்பிடியைத் தொட்ட அளவிலேயே விமானிக்கு வேறுபாடு தெரிந்தது. தொல்லை தீர்ந்தது.

1988இல் நார்மன் அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கதவு, தண்ணீர்க் குழாய், அடுப்பு, தொலைபேசி ஆகியவையே அதில் எடுத்துக்காட்டுகள். கதவில் தட்டையான தகடு இருந்தால் நம் கை தானாகவே தள்ளுகிறது. பிடி இருந்தால் இழுக்கிறது. தள்ளவேண்டிய கதவில் பிடியைப் பொருத்திவிட்டு, 'தள்ளு' என்று எழுதி ஒட்டினால், பிழை கதவைச் செய்தவருடையது. இத்தகைய கதவுகளை இன்று 'நார்மன் கதவு' என்றே அழைக்கின்றனர்.

1993இல் அவர் ஆப்பிள் கணினி நிறுவனத்திற்குச் சென்றார். அங்குத் தம் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். இன்று உலகெங்கும் அச்சொல் வழங்குகிறது. 2014இல் மீண்டும் சான் டியாகோவுக்கு வந்து வடிவமைப்பு ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். 2023இல், தம் 87ஆம் வயதில், மேலும் ஒரு நூலை வெளியிட்டார்.

சரி, இத்துறைப் பேராசிரியரின் அன்றாடப் பணி என்ன? வகுப்பு நடத்துவதும், கட்டுரை எழுதுவதும், முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டுவதும் எல்லாத் துறைக்கும் பொது. இத்துறைக்கே உரியது, பிறர் வேலை செய்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது. ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்துமாறு கேட்பார்கள். அவர் தடுமாறினாலும் உடனே உதவமாட்டார்கள். எங்கே, ஏன் தடுமாறினார் என்று குறித்துக்கொள்வார்கள். பின்னர்க் கருவியைத் திருத்தி, மீண்டும் வேறொருவரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கணினித் துறை என்றாலே கணிதப் புலிகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம் தோட்டப்புறப் பெற்றோரிடையே உண்டு. உளவியல் படித்தவருக்கும், ஓவியத்திலும் வடிவமைப்பிலும் தேர்ந்தவருக்கும், மக்களின் பழக்க வழக்கங்களை ஆராய்பவருக்கும் இத்துறையில் இடம் உண்டு. இளநிலைப் பட்டம், முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறவேண்டும். ஆண்டுகள் பல ஆகும். ஆனால் பிறர் படும் சிரமத்தை உற்று நோக்கும் பழக்கத்தை இளமையிலேயே வளர்த்துக்கொள்ளலாம். பாட்டிக்குக் கைப்பேசியில் எண்ணை அழுத்தித் தரும் பிள்ளை, அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று பார்க்கத் தொடங்கினால், அதுவே இத்துறையின் அரிச்சுவடி.

புரியாத இயந்திரத்தின் முன் நிற்கும்போது, நம்மை நாமே அறிவிலி என்று எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. பிள்ளைகளையும் அவ்வாறு எண்ண விடக்கூடாது. இது ஏன் இப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று கேட்க அவர்களைப் பழக்குவோம். அக்கேள்விக்கு விடை சொல்லும் பேராசிரியர் ஒருவர் நம் தோட்டத்துப் பள்ளியிலிருந்தும் வரட்டும்.