வரையாடு: வெள்ளாட்டு இனமா? செம்மறி இனமா?

செங்குத்தான பாறை. கீழே பல நூறு அடிப் பள்ளம். எட்டிப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றும். அங்கே குட்டியோடு நின்று நிதானமாகப் புல் மேய்கிறது ஒரு பிராணி!

அதுதான் வரையாடு. "வரை" என்றால் மலை. சங்கப் புலவர்கள் இதை "வருடை" என்றார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு இதுவே.

இமயமலையிலும் ஒரு வரையாடு உண்டு. இரண்டும் அண்ணன் தம்பி என்றே விலங்கியல் அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

உறவு அறுந்தது

இமயத்துக் கிடாவுக்குக் கழுத்திலும் தோளிலும் சிங்கத்தின் பிடரி போல நீண்ட மயிர். நம் ஆட்டுக்குக் குட்டை மயிர். வயதான கிடாவின் முதுகில் மட்டும் சேணம் போட்டாற்போல வெள்ளி நிறத் திட்டு. இமயத்துப் பெட்டைக்கு மடியில் நான்கு காம்புகள், இங்கே இரண்டே!

2005-ல் மரபணுவை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. இமயத்து ஆடு வெள்ளாட்டுக்கு நெருங்கிய சொந்தம். நம் ஆடோ செம்மறிக்குச் சொந்தம்! எனவே அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

போன இடத்தில் பெருகியது

இமயத்து ஆடு வட இந்தியா, நேபாளம், திபெத் மலைகளில் வாழ்கிறது. அங்கே அது ஆபத்தை நெருங்கும் நிலையில் உள்ளது. ஆனால், 1904-ல் வேட்டைக்காக நியூஜிலாந்தில் கொண்டுபோய் விடப்பட்ட சில ஆடுகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. மலைச் செடிகளைத் தின்று தீர்க்கின்றன என்று அங்கே அவற்றைச் சுட்டுக் குறைக்கிறார்கள்!

புல்தான் உயிர்

நம் வரையாட்டுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு வீடு இல்லை. நீலகிரியின் முக்கூர்த்தி, ஆனைமலை, கேரளத்தின் இரவிகுளம் போன்ற இடங்களில், பெரும்பாலும் 4,000 அடிக்கு மேல் வாழ்கிறது. இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகளே தென்பட்டன.

துப்பாக்கி மட்டுமா காரணம்? இல்லை. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே, மலைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணிச் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். தேயிலையும் பரவியது. மேய்ச்சல் நிலம் சுருங்கி, மந்தைகள் ஒன்றையொன்று பிரிந்து தனித்தனித் தீவுகளாயின.

மரம் நடுவது புண்ணியந்தான். ஆனால் வரையாட்டுக்கு வேண்டியது மரமல்ல, புல். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளிகளை மீட்கும் வேலையும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

இமயத்து ஆட்டுக்குக் கடல் கடந்தும் ஒரு மலை கிடைத்தது. நம் ஆட்டுக்கு இருப்பது இந்த மலை ஒன்றுதான்!