இரு அலுவலகங்களுக்கு இடையே ஒரு தனிப்பாதை

சிங்கப்பூரில் 05-12 என்ற வீட்டு எண் எத்தனையோ வீவக புளோக்குகளில் இருக்கிறது. கடித உறையின்மேல் அந்த எண்ணை மட்டும் எழுதி அஞ்சல் பெட்டியில் போட்டால், கடிதம் யாரிடமும் போய்ச் சேராது. புளோக்கிற்குள் வசிப்பவர்களுக்கு அந்த எண் போதும். புளோக்கைத் தாண்டி வெளியே வந்தால் அதற்குப் பொருளே இல்லை. அலுவலகக் கணினிகளின் முகவரிகளும் இப்படிப்பட்டவைதாம்.

இணையத்தில் இன்றும் பரவலாகப் பயன்படும் முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள்ளன. தொடக்கத்தில் அது மிகப் பெரிய எண்ணிக்கையாகத் தோன்றியது. ஆனால், 1990களில் கணினிகள் பெருகியபோது முகவரிகள் தீர்ந்துவிடும் என்பது தெளிவாகிவிட்டது. அதனால், கட்டடத்திற்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகளுக்கென மூன்று தொகுதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒரு தொகுதியைச் சேர்ந்தவை. உலகெங்கும் உள்ள வீடுகளும் அலுவலகங்களும் இவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. இவ்வளவு சிக்கனம் செய்தும், உலகப் பொது இருப்பில் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன.

உள்முகவரியை வைத்துக்கொண்டு வெளியுலகோடு பேசுவது எப்படி? 1994இல் முன்வைக்கப்பட்ட 'முகவரி மாற்றம்' என்ற உத்தி இதற்கு வழிசெய்தது. தொழில்நுட்பர்கள் இதை 'நேட்' என்பார்கள். அலுவலகத்தின் வாசலில் இருக்கும் ரவுட்டர் ஒரு வரவேற்பாளரைப்போல் நடந்துகொள்கிறது. உள்ளிருந்து ஒரு கணினி அனுப்பும் தரவுப் பொட்டலத்தில் இருக்கும் உள்முகவரியை எடுத்துவிட்டு, அலுவலகத்தின் பொது முகவரியை அது எழுதுகிறது. யார், யாருக்கு அனுப்பினார் என்பதைத் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. குறிப்பேட்டில் இடம்பெறாத பொட்டலம் வெளியிலிருந்து வந்தால், யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, தூக்கி எறிந்துவிடும்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. அழைக்காத அந்நியர்கள் எளிதில் உள்ளே வர முடியாது. ஆனால், சொந்த நிறுவனத்தின் மற்றோர் அலுவலகமும் ரவுட்டருக்கு அந்நியர்தான்.

ஜூரோங்கில் தலைமை அலுவலகமும் ஜொகூர் பாருவில் கிளையும் கொண்ட ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லை கடக்கும் லாரிகளுக்கான ஆவணங்கள் ஜூரோங்கில் உள்ள சேவையகக் கணினியில் இருக்கின்றன. கிளை ஊழியர்கள் அவற்றைத் திறக்க முடியாவிட்டால், காய்கறி ஏற்றிய லாரி கடற்பாலத்திற்குப் போகாமல் வெயிலில் நிற்க வேண்டியதுதான். அவசரத்தில் பலர் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. கோப்புப் பகிர்வுக்கான வாயிலை வெளியுலகிற்கு அப்படியே திறந்துவிடும்படி ரவுட்டருக்குக் கட்டளையிட்டுவிடுவார்கள். வேலை உடனே நடக்கும். ஆனால், திறந்த வாயில் கிளைக்கு மட்டும் திறந்ததாகாது, உலகிற்கே திறந்ததாகும். 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கிப் பணயத்தொகை கேட்டது. கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஒரு பலவீனத்தின் வழியாகத்தான் அது பரவியது.

பாதுகாப்பான வழி, விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் கட்டமைப்பு. பெயர் கடினமாக இருந்தாலும் அதன் கருத்து எளியது. அது உறைக்குள் உறை வைக்கும் வேலை. கிளை ஊழியரின் கணினி, தலைமை அலுவலகச் சேவையகத்தின் உள்முகவரியை எழுதி ஒரு பொட்டலத்தை அனுப்புகிறது. கிளையில் உள்ள விபிஎன் கருவி அந்தப் பொட்டலம் முழுவதையும் மறையாக்கம் செய்கிறது. அதாவது, சாவி இல்லாத எவரும் படிக்க முடியாதபடி உருமாற்றுகிறது. பிறகு அதை வேறோர் உறைக்குள் இட்டு, ஜூரோங்கின் பொது முகவரியை எழுதி அனுப்புகிறது. வழியில் இருப்பவர்களுக்கு வெளியுறை மட்டுமே தெரியும். ஜூரோங்கில் உள்ள கருவி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சேவையகத்திடம் கொடுக்கிறது. இரு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சுரங்கப்பாதை போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

ஆனால், முதலில் கதவைத் தட்டுவது யார்? ஜூரோங் அலுவலகத்திற்கு மாறாத பொது முகவரி ஒன்று உண்டு என்றும், ஜொகூர் பாரு கிளைக்கு அது இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இணையச் சேவை நிறுவனங்கள் சில, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அப்படியானால் கிளை இரண்டு வரவேற்பாளர்களுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாமவர் கிளையின் கட்டுப்பாட்டிலும் இல்லை. எனவே, ஜூரோங்கிலிருந்து கிளையை அழைக்க இயலாது. கிளைதான் முதலில் அழைக்க வேண்டும். ஜூரோங் ரவுட்டரில் விபிஎன்னுக்கென ஒரே ஒரு வாயிலைத் திறந்து வைத்தால் போதும். கிளை அழைத்ததும் அது வழியிலுள்ள குறிப்பேடுகளில் பதிவாகிவிடும். அதன் பிறகு இருபுறமும் தாராளமாகப் பேசலாம்.

குறிப்பேட்டுப் பதிவுகள் நிலையானவை அல்ல. சிறிது நேரம் எந்தப் பொட்டலமும் போகாவிட்டால் ரவுட்டர் அந்தப் பதிவை அழித்துவிடும். மதிய உணவு நேரத்தில் யாரும் வேலை செய்யாமல் இருந்தால்கூடச் சுரங்கப்பாதை சத்தமில்லாமல் அடைபட்டுப் போகலாம். அதனால், கிளைக் கருவி குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'வயர்கார்ட்' என்ற விபிஎன் மென்பொருளுக்கு இந்த இடைவெளி 25 வினாடியாக இருப்பது நல்லது என்பது அதை உருவாக்கியோரின் பரிந்துரை. இரு அலுவலகங்களுக்குமே பொது முகவரி இல்லையென்றால், பொது முகவரி உள்ள சிறு சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டும் அதை அழைக்கும்படி செய்யலாம்.

நேட்டும் விபிஎன்னும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. பழைமையான 'ஐபிசெக்' முறையில் மறையாக்கம் செய்த பொட்டலங்களில் வாயில் எண்ணே கிடையாது. குறிப்பேட்டில் எழுத வாயில் எண் தேவைப்படும் ரவுட்டர்கள் திணறின. 2005இல் வெளியான ஒரு தரநிலை, அந்தப் பொட்டலங்களுக்கு வாயில் எண்ணுள்ள மேலுறை ஒன்றைப் போர்த்தி இச்சிக்கலைத் தீர்த்தது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் சேர்க்கப்பட்ட வயர்கார்ட், தொடக்கம் முதலே அத்தகைய உறையோடுதான் வந்தது. அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. சரியான சாவி இல்லாதவர் கதவைத் தட்டினால், அது பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

கருவிகளை வாங்கிப் பொருத்திய பிறகும் சில இடங்களில் கால் இடறும். மிகச் சாதாரணமான சிக்கல், இரு அலுவலகங்களிலும் ஒரே முகவரித் தொகுதி இருப்பது. பல ரவுட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1 என்ற தொகுதியோடு வருகின்றன. யாரும் அதை மாற்றுவதில்லை. ஜூரோங்கிலும் ஜொகூர் பாருவிலும் 192.168.1.10 இருந்தால், கிளைக் கணினி அதைத் தன் கட்டடத்திற்குள்ளேயே தேடும். பொட்டலம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாது. ஏதேனும் ஓர் அலுவலகத்தின் தொகுதியை 192.168.20 என்பதுபோல் மாற்றியாக வேண்டும். முகவரியைக் கையால் பதிந்து வைத்திருக்கும் அச்சுப்பொறியை அப்போது மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

திரும்பி வரும் வழியும் அப்படித்தான். கிளையிலிருந்து கேள்வி போய்ச் சேர்ந்தாலும், பதிலை விபிஎன் கருவியிடம் கொடுக்க வேண்டும் என்று ஜூரோங் ரவுட்டருக்குச் சொல்லி வைக்காவிட்டால், அது பதிலை இணையத்தில் வீசிவிடும். கிளைக்கு மௌனம்தான் மிஞ்சும். இன்னும் குழப்பமான கோளாறு ஒன்றும் உண்டு: சிறு கோப்புகள் திறக்கும், பெரிய கோப்புகள் பாதியில் நின்றுவிடும். சாதாரணமாக ஒரு பொட்டலத்தின் அளவு 1500 பைட் வரை இருக்கலாம். மேலுறை அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், உள்ளே வைக்கும் பொட்டலத்தைச் சிறிதாக்க வேண்டும். வயர்கார்ட் வழக்கமாக 1420 பைட்டைப் பயன்படுத்துகிறது.

சுரங்கப்பாதை, தன் வழியே போவது நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. கிளையின் ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், அதே பாதை வழியாக அது ஜூரோங்கிற்கும் போகலாம். அதனால்தான் கவனமுள்ள நிர்வாகி, கிளைக் கணினிகள் ஆவணச் சேவையகத்தை மட்டுமே அணுகலாம் என்று விதி எழுதுகிறார். சம்பளக் கணக்கு இருக்கும் கணினி அந்த விதிக்கு வெளியே நிற்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களின் மடிக்கணினிகளுக்குத் தனித்தனிச் சாவிகள் கொடுக்கிறார். ஒருவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில், அவருடைய மடிக்கணினியைத் திரும்பப் பெறுவதற்கு முன்பே அதன் சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்.