தக்காளிச் செடியில் புழு

மட்டாஞ்சேரியில் நம்மவர் வசிக்கும் வீடுகளில் தோட்டம் என்று சொல்லத்தக்க இடம் ஏது? ஆயினும் மாடியிலும் கிணற்றடியிலுமாக நாலைந்து தொட்டிகளில் தக்காளி வளர்ப்போர் பலர். என் இல்லத்திலும் ஆறு தொட்டிகள் உள்ளன. சென்ற தை மாதத்தில் ஒரு நாள், முற்றிய காய்களில் வட்டத் துளைகளைக் கண்டேன். மறுநாளே கடையில் நச்சு மருந்து ஒன்றை வாங்கித் தெளித்துவிட்டேன். புழு சாகவில்லை. மாலையில் என் இளைய மகள் வழக்கம்போல் ஒரு காயைப் பறித்து வாயருகே கொண்டு போனாள். ஓடிச் சென்று பிடுங்கினேன். அன்றிரவு உறக்கமே இல்லை. அதன் பின்னரே இப்புழுக்களைப் பற்றி விசாரிக்கலானேன்.

மருந்து பலிக்காததற்குக் காரணம் எளிது. காய்க்குள் தலையை நுழைத்துக்கொண்ட புழுவைத் தெளிப்பு எட்டுவதில்லை. எனவே இன்ன புழு என்று அறிவதும், அது காயைத் துளைக்கு முன் பிடிப்பதுமே வழி.

தலையை உள்ளே விட்டு உடலை வெளியே வைத்துத் தின்பது காய்ப்புழு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பக்கங்களில் கோடுகள் ஓடும். ஒரே புழு பல காய்களைக் கெடுக்கும். இதன் தாய் அந்துப்பூச்சி, நுனி இலைகளிலும் பூக்களருகிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். புகையிலை வெட்டுப்புழுவின் வழக்கம் வேறு. இலையின் அடியில் குவியலாக முட்டையிட்டு, மேலே பழுப்பு ரோமம் போர்த்திருக்கும். குஞ்சுகள் கூட்டமாக இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். அந்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் தொலைந்தன! வளர்ந்தவை பகலில் மண்ணருகே ஒளிந்து இரவில் மேயும்; விளக்கோடு சென்று பொறுக்க வேண்டும். மூன்றாவது ஊசிப்புழு. தக்காளியைப் போலவே இதற்கும் தாயகம் தென் அமெரிக்கா. நம் நாட்டில் 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்டது. இலைக்குள் வெளிறிய கொப்புளம் போன்ற சுரங்கமும், காயில் ஊசிமுனைத் துளையும் இதன் அடையாளங்கள்.

இப்போது நான் செய்வது இது. காலையில் ரயிலுக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிஷம் இலைகளைப் புரட்டிப் பார்க்கிறேன். துளைபட்ட காய்களைப் பறித்துப் புழுவோடு அழிக்கிறேன். தொட்டிகளுக்கிடையே துலுக்கச் சாமந்தி வைத்திருக்கிறேன். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதன் பூக்களையே விரும்பி முட்டையிடும். ஆடியில் ஊர் சென்று வருவோர் வேப்பங்கொட்டை கொண்டுவரலாம். 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் குறையும். இளம் புழுவுக்கே இது நன்கு பலிக்கும்.

செடியின் உச்சியில் புழு தலைகீழாகத் தொங்கிக் கருத்து அழுகிக் கிடந்தால் அருவருத்து எறிந்துவிடாதீர்கள். அது வைரஸ் நோயால் இறந்தது. அந்நோய் புழுக்களைத் தாக்குமேயன்றி மனிதரைத் தாக்குவதில்லை. அதை அங்கேயே விட்டால் மற்றப் புழுக்களுக்கும் தொற்றும். சென்ற மாதம் என் மூன்றாம் தொட்டியில் அப்படி இரண்டைக் கண்டேன்; விட்டுவைத்திருக்கிறேன்.