ஃபிக்மா படிச்சா வேலை இருக்குமா? கண்ணைச் சிமிட்டச் சொன்ன ஸ்கிரீன்

நான் எதைப் பத்தி வீடியோ போட்டாலும் நீங்க கேக்குறது ஒரே கேள்விதான்: ஏஐ-யே ஸ்கிரீன் போட்டுக் குடுக்குதே, இனிமே ஃபிக்மா கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம், வேற எந்த டூல் கத்துக்கணும்? ஃபிக்மான்னா என்ன, யுஎக்ஸ்னா என்னன்னு நான் ஆரம்பிக்கப் போறதில்ல. அது தெரியாதவங்க இந்த வீடியோவைத் திறந்திருக்கவே மாட்டீங்க. ஸ்கிரீன் வரையற வேலையை மெஷின் எடுத்துக்கலாம். அந்த ஸ்கிரீன் ஒருத்தரை வெளியே தள்ளினா, ஏமாத்தினா, அதுக்கு யார் பதில் சொல்றது? அதுக்கு ஒரு ஆள் வேணும். டிசைனருக்கு இனி சம்பளம் குடுக்கப் போறது பெரும்பாலும் அதுக்காகத்தான்ங்கறது என் வாதம்.

டூல் பக்கம் பாருங்க. ஒரு காலத்துல ஃபிளாஷ் தெரிஞ்சவர்தான் வெப் டிசைனர். 2010 ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோன்ல ஃபிளாஷை ஏன் விடமாட்டோம்னு பகிரங்கமா கடிதம் எழுதினார். 2020 டிசம்பர் 31-ஓட அடோபியே அதுக்கு மூடுவிழா நடத்திடுச்சு. ப்ரோட்டோடைப்னா இன்விஷன்னு இருந்த காலமும் உண்டு. 2024 கடைசியில அதுவும் மூடியாச்சு. ஃபிக்மாவுக்குப் போட்டியா இருந்த அடோபி எக்ஸ்டி, 2023-ல இருந்து பராமரிப்புல மட்டும் கெடக்கு. அதே அடோபி 2022-ல ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போச்சு. ஐரோப்பாவும் பிரிட்டனும் முட்டுக்கட்டை போட்டதும் 2023 டிசம்பர்ல கைவிட்டுச்சு. இந்த லட்சணத்துல ‘எந்த டூல் நிக்கும்’னு என்னைக் கேட்டா, நான் கிளி ஜோசியம்தான் பாக்கணும்.

மெஷினே டிசைன் பண்ணினப்போ என்ன நடந்துச்சுன்னும் பாக்கலாம். 2024-ல ஃபிக்மா, நாலு வரி எழுதினா முழு ஸ்கிரீனையும் போட்டுத் தர்ற ஒரு வசதியைக் கொண்டு வந்துச்சு. வானிலை செயலி ஒண்ணு கேட்டுப் பாத்தா, ஆப்பிளோட வானிலை செயலியை அச்சடிச்ச மாதிரி வந்து நின்னுச்சு. ஜூலையிலேயே அதை நிறுத்தி வெச்சாங்க. ஃபிக்மாவோட தலைவர் டிலன் ஃபீல்ட், சரியா சோதிக்க வலியுறுத்தாதது தன் தப்புன்னு வெளிப்படையாவே ஒத்துக்கிட்டார். போட்டது மெஷின், பதில் சொன்னது மனுஷன். நான் திரும்பத் திரும்ப வர்ற இடம் இதுதான், இன்னும் ரெண்டு தடவை வருவேன், பொறுத்துக்கோங்க.

இந்த வாதத்துக்கு என் கையில இருக்கற பெரிய ஆதாரம் நம்ம உச்ச நீதிமன்றத்துல இருந்து வருது. வங்கிக் கணக்கு தொடங்க ஆன்லைன்ல கேஒய்சி பண்ணும்போது, நீங்க உயிரோட இருக்கற ஆள்தான்னு தெரிஞ்சுக்க ‘கண்ணைச் சிமிட்டுங்க’ன்னு ஸ்கிரீன் கேக்கும். ஆசிட் வீச்சுல கண்ணும் முகமும் சிதைஞ்சவங்களால எப்படிச் சிமிட்ட முடியும்? பார்வை இல்லாதவங்க, முகத்தை எந்த வட்டத்துக்குள்ள கொண்டு வரணும்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க? இவங்க போட்ட வழக்குகள்ல 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்பு வந்துச்சு. டிஜிட்டல் சேவையை அணுகறது அரசியல் சாசனத்தோட 21-ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையில அடங்கும்னு சொல்லி, நீதிமன்றம் 20 உத்தரவுகள் போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, அந்தச் சிமிட்டல் ஸ்கிரீனைப் போட்டவர் கெட்டவரா இருக்க வாய்ப்பில்ல. கலர் சரியா இருந்திருக்கும், அனிமேஷன் வழுக்கிக்கிட்டு ஓடியிருக்கும், பாஸ் கைதட்டியிருப்பார். ‘சிமிட்ட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?’ன்னு அந்த ரூம்ல யாரும் கேக்கல, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேக்கற ஆள்தான் டிசைனர்னு நான் சொல்றேன். ஐரோப்பாவுலயும் 2025 ஜூன் 28-ல இருந்து ஆன்லைன் கடை, வங்கிச் சேவையை எல்லாம் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி வைக்கணும்ங்கற அணுகல் சட்டம் அமலுக்கு வந்தாச்சு. அங்க இருக்கற கம்பெனிக்கு நீங்க சென்னையில உக்காந்து ஸ்கிரீன் போட்டாலும் அது உங்க தலைக்கும் வரும்.

ஏமாத்துற டிசைனும் இதே கணக்குதான். 2023 நவம்பர் 30-ல நம்ம மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்னைப் பட்டியல் போட்டுத் தடுத்துச்சு: கேக்காமலே கூடையில பொருளைச் சேக்கறது, ‘இன்னும் ரெண்டே பாக்கி’ன்னு பொய்யா அவசரப்படுத்தறது, சந்தாவுல சேர ஒரு கிளிக், விலக ஒன்பது கிளிக். அமெரிக்காவுல அமேசான் பிரைம் மேல வர்த்தக ஆணையமான எஃப்டிசி தொடுத்த வழக்கு 2025 செப்டம்பர்ல 250 கோடி டாலர்ல முடிஞ்சுது. பிரைம்ல இருந்து விலகற வழிக்கு அமேசானுக்குள்ள ‘இலியட்’னு பேர் வெச்சிருந்தாங்கன்னு அந்தப் புகார்லயே இருக்கு. முடியவே முடியாத போர்க் காவியம்! நம்ம ஊர்ல வெச்சிருந்தா மகாபாரதம்னு வெச்சிருப்பாங்க, பதினெட்டு நாள்லயாவது முடிஞ்சிருக்கும். சரி, எங்கயோ போயிட்டேன்.

இப்போ நீங்க சண்டைக்கு வருவீங்க. ‘முடிவெடுக்கறது மேனேஜர், மாட்டறது கம்பெனி, எனக்கென்ன பொறுப்பு?’ நியாயமான கேள்வி. ஜூனியர் டிசைனர் கையில அதிகாரம் கம்மிதான். ஆனா ‘இது இந்த விதியில இடிக்கும்’னு ஒரு வரி மெயில்ல எழுதி வெச்சவர் பேச்சுக்கு அடுத்த மீட்டிங்ல மதிப்பு வரும். சட்டம் வந்த பிறகு அது வெறும் ரசனைச் சண்டையா இருக்காதே. ‘அணுகல் சோதனையையும் ஏஐ பண்ணிடுமே’ன்னு இன்னொரு வாதம். இணைய அணுகலுக்காக வேலை செய்யற வெப்எய்ம் அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கி முறையில சோதிக்குது. 2025-ல 94.8 சதவீதப் பக்கங்கள்ல அணுகல் குறை. இணையத்தையே பாடப் புத்தகமா வெச்சுப் படிச்ச மெஷின் அந்தக் குறையையும் சேத்துத்தானே படிச்சிருக்கும்? மூணாவது வாதத்துக்கு மட்டும் என்கிட்ட முழுப் பதில் இல்ல: ஒரே பேனரைப் பத்து சைஸ்ல போட்டுக் கை பழகற ஆரம்ப வேலை சுருங்கினா, புதுசா வர்றவங்க எங்க பழகுவாங்க? தெரிஞ்ச கடை, சங்கம், நூலகம்னு நிஜமான ஆளுங்களுக்குச் செஞ்சு பழகலாம். அது சம்பளத்துக்கு ஈடாகாதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

ஐயோ, நேரம் ஆயிடுச்சு, செய்ய வேண்டியதை வேகமாச் சொல்லிடறேன். ஃபிக்மா கத்துக்கோங்க, விளம்பரத்துல அதைத்தான் கேக்குறாங்க, அதோட நிக்காதீங்க. இணைய அணுகல் விதிகளான டபிள்யூசிஏஜி 2.2 படிங்க: சாதாரண எழுத்துக்குக் கான்ட்ராஸ்ட் 4.5-க்கு 1, தொடற இடம் குறைஞ்சது 24-க்கு 24 பிக்சல். ஆண்ட்ராய்டு போன்ல ஸ்கிரீனைப் படிச்சுச் சொல்ற டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கிட்டு உங்க செயலியிலயே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. அந்த 13 பேட்டர்ன் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில வைங்க. போர்ட்ஃபோலியோவுல இருபது பளபள ஸ்கிரீனுக்குப் பதிலா ஒரே ஒரு ஸ்கிரீன், அதுல நீங்க தூக்கிப் போட்ட ரெண்டு வழி, ஏன் தூக்கிப் போட்டீங்கங்கற காரணம். தமிழையும் ஓட்டிப் பாருங்க: இங்கிலீஷுக்கு அளந்த பட்டன்ல தமிழ் ரெண்டு வரியாகும், வரி உயரம் பத்தலன்னா ‘நீ’யோட மேல்சுழியும் ‘சு’வோட வாலும் வெட்டுப்படும். கான்ட்ராஸ்ட் பாக்குறது எப்படின்னு அடுத்த வீடியோ.